மூன்றாவது பந்து

நைனா,

சுவருக்கு அந்தப் பக்கம் சித்தப்பா இன்னும் தூங்கவில்லை. மூச்சுப் பயிற்சிக்கு ஆஸ்பத்திரியில் கொடுத்த மூன்று பந்து டப்பாவை வாயில் வைத்து மூச்சை இழுத்துக்கொண்டிருக்கிறார். நம் வீட்டுக்கும் அவர் வீட்டுக்கும் நடுவில் இருக்கிற சுவர் கூரைத் தகடு வரைக்கும் போகாது. நீயும் அவரும் சேர்ந்து கட்டும்போது செங்கல் போதாமல் பாதியில் விட்ட சுவர். அந்த இடைவெளி வழியாக எல்லாமே கேட்கிறது. டக் என்று ஒரு பந்து. கொஞ்சம் கழித்து இன்னொன்று. அதற்கு மேல் இல்லை. இரண்டும் கீழே விழுகிற சத்தம், இருமல், பிறகு மறுபடியும் டக்.

அவர் டப்பா மாதக்கணக்காக அலமாரி மேல் தூசி படிந்து கிடந்தது. இன்றைக்குத்தான் எடுத்திருக்கிறார். நாளைக்குத் திருப்பதியில் அவர் ஸ்கேனைப் பார்த்து டாக்டர் சொல்லப் போகிறார். அந்த ஸ்கேனுக்கு அவர் போனதே என்னால்தான்.

உன் டப்பா என்னிடம் இருக்கிறது. அம்மா தூக்கிப் போட்டுவிடச் சொன்னாள். நான் போட்டுவிட்டேன் என்று சொல்லிப் பள்ளிக்கூடப் பையின் அடியில் வைத்துக்கொண்டேன். குழாய் முனையில் நீ கடித்த தடம் அப்படியே இருக்கிறது. அம்மா திரும்பிப் படுத்தால் செல் டார்ச்சை அணைத்துவிட்டு இருட்டிலேயே உட்கார்ந்திருக்க வேண்டும். அதனால் வரி கோணிப் போனால் திட்டாதே. பள்ளிக்கூடத்தில் தெலுங்குதான் எழுதுகிறேன். தமிழ் எழுத்து நீ சபைப் பாட்டுப் புத்தகத்தை வைத்து விரல் பிடித்துச் சொல்லிக்கொடுத்ததுதான். அதனால் உன்னிடம் தமிழில்தான் சொல்ல முடியும்.

ஆபரேஷனுக்கு முன்னால் டாக்டர் ஒரு தாளில் படம் போட்டுக் காட்டியது ஞாபகம் இருக்கிறதா? வலது பக்க நுரையீரலில் மூன்று மடல், அதில் மேல் மடலில் கட்டி, அந்த மடலையே முழுசாக எடுத்துவிட்டால் மீதி இரண்டும் விரிந்து வேலை செய்யும் என்று சொன்னார். நீ கன்னத்தில் கை வைத்துக் கேட்டுவிட்டு, "மாடி ரூமை இடிச்சுட்டு கீழ் ரூம்ல குடியிருக்கச் சொல்றீங்க, அவ்ளோதானே சார்?" என்றாய். டாக்டர் சிரித்துவிட்டார். "பீடி பிடிப்பீங்களா?" என்று கேட்டபோது மட்டும் உனக்குக் கோபம் வந்தது. "ஒரு பீடி தொட்டதில்ல சார். கல்லு மாவு. பதினஞ்சு வருஷமா கல்லு பாலிஷ் போடற ஷெட்டுல நிக்கிறேன். தண்ணி வராத நாள்ல காஞ்ச கல்லையே அறுப்போம்." அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு உன்னைப் பார்த்தார். உனக்குப் பக்கத்தில் சித்தப்பாவும் நின்றிருந்தார். அவரும் அதே ஷெட்டில்தான் நிற்கிறார் என்பது அன்றைக்கு யாருக்கும் தோன்றவில்லை.

ஆபரேஷன் முடிந்து வார்டுக்கு வந்தபோது உன் விலாவிலிருந்து ஒரு குழாய் கீழே தண்ணீர் பாட்டிலுக்குப் போயிருந்தது. நீ மூச்சு விட்டால் பாட்டிலில் குமிழி வரும். நான் உன் முகத்தைப் பார்க்கப் பயந்துகொண்டு அந்தக் குமிழியையே பார்த்துக்கொண்டிருந்தேன். மறுநாளே உன்னை எழுப்பி நடக்க வைத்தார்கள். பாட்டிலை நான் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தேன். "என் குட்டி நாயி மாதிரி வருது பாரு" என்று சொல்லிச் சிரிக்கப் போய், சிரிப்பு விலாவில் குத்தி, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாய்.

பிசியோ அக்கா டப்பாவைக் கொண்டுவந்து கொடுத்ததும் நீ பலூன் மாதிரி அதில் ஊதினாய். "ஊதொத்து அண்ணா, பீல்ச்சண்டி" என்று அவள் தலையில் அடித்துக்கொண்டாள். ஊதக் கூடாது, உள்ளே இழுக்க வேண்டும். உனக்கு அது பிடிபட ஒரு நாள் ஆயிற்று. ஒரு பந்து எழுந்தது. ஊருக்குப் போகிற அன்றைக்கு இரண்டு. மூன்றாவது பந்து உனக்கு எழவே இல்லை. நான் வாங்கி ஒரே இழுப்பில் மூன்றையும் தூக்கிக் காட்டினால், "உனக்கு மாடி ரூம் இருக்குது, தூக்கற" என்பாய்.

ஆஸ்பத்திரி வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது மொட்டைத் தலைகளாகப் போய்க்கொண்டிருந்தன. மலைக்குப் போய் மொட்டை போட்டு வந்தவர்கள் ஒரு பக்கம். மருந்து ஏற்றி முடி கொட்டியவர்கள் ஒரு பக்கம். "இந்த ஊர்ல யாருக்கு வேண்டுதல், யாருக்கு வியாதின்னு கண்டே பிடிக்க முடியாது" என்றாய். அம்மா உன் தொடையில் கிள்ளினாள். எனக்கு இன்றைக்கும் திருப்பதி என்றால் கோபுரம் நினைவுக்கு வருவதில்லை. அந்த டீக்கடை பெஞ்சுதான் வருகிறது.

திரும்பும்போது பஸ் குலுக்கும் என்று ரயிலில் வந்தோம். பாகாலாவில் வண்டி ரொம்ப நேரம் நின்றது. நீ விலாவை ஒரு கையால் அழுத்திக்கொண்டு பிளாட்பாரத்தில் இறங்கி, எனக்கு வடை வாங்கப் போனாய். அம்மா ஜன்னல் வழியாக, "ஏங்க, வண்டி கிளம்பிடப் போவுது!" என்று கத்தினாள். நீ திரும்பிப் பார்த்து, வேண்டுமென்றே இன்னும் மெதுவாக நடந்தாய். பிழைத்துவிட்டாய் என்று எனக்கு நம்பிக்கை வந்தது அந்த நடையைப் பார்த்துத்தான்.

முதல் செக்கப்புக்குப் போனோம். டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுச் சுத்தமாக இருக்கிறது என்றார். அம்மா அங்கேயே அழுதாள். அவர், "அழ வேணாம்மா, ஆனா கொண்டாடவும் வேணாம். கட்டிய எடுத்துட்டோம். கண்ணுக்குத் தெரியாத துளி எங்கயாவது உக்காந்துக்கினு இருந்தா அது இந்த ரெண்டு வருஷத்துலதான் பெரும்பாலும் தலை தூக்கும். அதனால ஆறு மாசத்துக்கு ஒருக்கா ஸ்கேனுக்கு வந்தே ஆகணும்" என்றார். அவரும் நம் பக்கத்து ஆள்தான். நம்மைப் போலவே பேசினார். நீ தலையை ஆட்டினாய். எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினாய்.

அந்த ஞாயிற்றுக்கிழமையே சபையில் சாட்சி சொல்ல எழுந்து நின்றாய்.

நம் சபையில் சுகம் கிடைத்தவர்கள் சாட்சி சொல்லாமல் இருக்க மாட்டார்கள். சொல்லாவிட்டால் நன்றி கெட்டவர் என்று பேசுவார்கள். நீ வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு முன்னால் போனாய். சட்டையைத் தூக்கி, முதுகிலிருந்து மார்பு வரைக்கும் வளைந்து வருகிற தழும்பைக் காட்டினாய். "கர்த்தருக்கு ஸ்தோத்திரம். டாக்டருங்க என் நெஞ்சைத் தொறந்தாங்க. ஆனா சுகம் குடுத்தது அவர். எனக்கு முழு சுகம். இனிமே அந்த வியாதி என் கிட்ட வராது" என்றாய். ஆமென் என்று கூரை அதிர்ந்தது. மணியடிக்கிற ஞானமுத்து தாத்தா வெளியே வந்து உன் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. அன்றைக்கு உன் முகம் எவ்வளவு அழகாக இருந்தது தெரியுமா? ஷெட்டில் கல்மாவு படிந்த முகத்தைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

அடுத்த ஸ்கேன் தேதி வந்தது. நீ கிளம்பவில்லை.

"ஏங்க, நாளைக்குத் திருப்பதி."

"எதுக்கு?"

"இன்னா எதுக்கு? ஸ்கேனுக்கு."

"முழு சுகம்னு ஊருக்கே சொல்லிட்டு, ஸ்கேன் வரிசையில போய் நின்னா, நான் சொன்னது பொய்யின்னு ஆயிடும். பஸ் ஸ்டாண்டுல எவனாவது பாத்தான்னா, இன்னாப்பா இவனே நம்பலையேன்னு பேசுவான்."

"அப்போ ஆபரேஷனுக்கு மட்டும் எதுக்குப் போன?"

"அது சாட்சிக்கு முன்னாடி."

எனக்கும் அது சரி என்றே பட்டது. நம்மில் யாருக்குமே அது தப்பாகப் படவில்லை. ஒரு முறை சொன்னதை இன்னொரு முறை பரீட்சை வைத்துப் பார்ப்பது மரியாதை இல்லை என்று நினைத்தோம். பாஸ்டர் ஐயா உன்னைப் போகாதே என்று சொல்லவில்லை. போ என்றும் சொல்லவில்லை. தேதி போயிற்று. அடுத்த தேதியும் போயிற்று.

முதுகு வலிக்கிறது என்றாய். தழும்பு இழுக்கிறது என்று எண்ணெய் தேய்த்தோம். ஷெட்டை விட்டு மாங்காய் கம்பெனியில் ராத்திரி காவலுக்கு மாறியதால் சரியாகத் தூங்கவில்லை என்று நினைத்தோம். ஒரு நாள் காலையில் உன் கையிலிருந்து டம்ளர் நழுவியது. எடுத்துக் கொடுத்தேன், மறுபடியும் நழுவியது. நீ உன் கையையே பார்த்தாய், அது வேறு யாருடைய கையோ மாதிரி.

இந்த முறை டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்து நமக்குக் காட்டவில்லை. மேஜை மேல் கவிழ்த்து வைத்துவிட்டார். இன்னொரு நுரையீரலில், முதுகெலும்பில், தலையிலெல்லாம் பரவியிருந்தது. வெட்டி எடுக்க இனி இடம் இல்லை என்றார். உன்னை வெளியே பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு அம்மா உள்ளே திரும்பிப் போனாள். நான் கதவோரம் நின்றிருந்தேன்.

"சார், சொன்ன தேதிக்கு வந்திருந்தா பொழைச்சிருப்பாரா?"

அவர் பொய் சொல்லியிருக்கலாம். பொழைச்சிருக்க மாட்டார் என்று சொல்லியிருந்தால் அம்மா ராத்திரியில் தூங்குவாள். பொழைச்சிருப்பார் என்று சொல்லியிருந்தால் யார் மேலாவது கோபப்பட்டுக்கொண்டிருப்பாள். அவர் கவிழ்த்த படத்தின் மேல் கையை வைத்துக்கொண்டு, "தெரியாதும்மா. நெஜமா எனக்குத் தெரியாது. சில பேருக்கு ஒண்ணும் செய்ய முடியறதில்ல. சின்னதா இருக்கும்போதே கண்ணுல பட்டா சில பேருக்குச் செய்ய முடியுது. ஆனா வந்திருந்தா பாத்திருப்போம்" என்றார்.

பாத்திருப்போம். அந்த ஒரு வார்த்தை எனக்குள்ளே போய் உட்கார்ந்துகொண்டது.

கடைசி நாட்களில் ஆக்ஸிஜன் சிலிண்டர் பக்கத்தில் நீ படுக்கவும் முடியாமல், தலையணைகளில் சாய்ந்து கிடந்தாய். ஒரு மத்தியானம் அந்த டப்பாவைக் கேட்டாய். கொடுத்தேன். வாயில் வைத்துக் கடித்துக்கொண்டு இழுத்துப் பார்த்தாய். ஒரு பந்துகூட அசையவில்லை. என்னிடம் நீட்டினாய். "நீ இழு பாப்பா. நான் பாக்கறேன்." நான் இழுத்தேன். மூன்று பந்தும் மேலே போய் நின்றன. மூச்சு முட்டுகிற வரைக்கும் கீழே விடவில்லை. நீ அதையே பார்த்துக்கொண்டிருந்தாய். "ம்" என்றாய். அதற்குப் பிறகு நீ என்னிடம் பேசியது எதுவும் எனக்குப் புரிகிற மாதிரி இல்லை.

அடக்கத்துக்குச் சபை முழுவதும் வந்தது. எல்லோரும் பாடினார்கள், அழுதார்கள். உன் சாட்சியைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. அது நடக்கவே இல்லாத மாதிரி.

சித்தப்பாவுக்கு இருமல் வந்தபோது அம்மாதான் அவரை இழுத்துக்கொண்டு போய் எக்ஸ்ரே எடுக்க வைத்தாள். இடது பக்கம், சின்னக் கட்டி. அதே ஆஸ்பத்திரி, அதே டாக்டர், அதே மாதிரி தழும்பு. முதல் செக்கப் சுத்தம். அவரும் ஷெட்டை விட்டுவிட்டு மாங்காய் கம்பெனி கேட்டில் உட்காருகிறார். எடைகூடப் போட்டிருக்கிறார். எல்லாமே உனக்கு நடந்த மாதிரியே நடந்துகொண்டு வந்தது. போன ஞாயிற்றுக்கிழமை சாட்சி சொல்லப் போகிறேன் என்றார். செவ்வாய்க்கிழமை ஸ்கேன் தேதி. சித்தி மெதுவாக அதைச் சொன்னதும், "சொல்லிட்டு அப்புறம் எதுக்குடி?" என்றார். உன் குரல் மாதிரியே இருந்தது நைனா.

அவர் சபையில் எழுந்து நின்றார். சட்டையைத் தூக்கினார். முழு சுகம் என்றார். ஆமென் என்று கூரை அதிர்ந்தது. பாஸ்டர் ஐயா, "வேற யாராவது சாட்சி சொல்றீங்களா?" என்று கேட்டார். நான் எழுந்தேன்.

எழுந்திருக்க வேண்டும் என்று நான் முடிவு எடுக்கவில்லை. கால் எழுந்துவிட்டது. அம்மா என் தாவணியைப் பிடித்து இழுத்தாள். நான் முன்னால் போகாமல், நின்ற இடத்திலிருந்தே பேசினேன்.

"கர்த்தருக்கு ஸ்தோத்திரம். எங்க நைனாவும் இங்கதான் நின்னு சாட்சி சொன்னாரு. அதுக்கப்புறம் ஸ்கேனுக்குப் போவல. நாங்களும் போவச் சொல்லல. செவ்வாய்க்கிழமை சித்தப்பாவுக்கு ஸ்கேன். அவர் போவணும். எல்லாரும் ஜெபம் பண்ணிக்குங்க."

அவ்வளவுதான் சொன்னேன். யாரும் ஆமென் சொல்லவில்லை. எங்கோ ஒரு குழந்தை சிரித்தது. பாஸ்டர் ஐயா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "அடுத்த பாட்டு" என்றார்.

வெளியே வந்ததும் சித்தப்பா எல்லோர் முன்னாலும் என்னைப் பார்த்துக் கத்தினார். "எங்கண்ணன் இருந்திருந்தா உன் வாயில சூடு போட்டிருப்பான்!"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். பதில் சொன்னது அம்மா. "இருந்திருந்தாதானே தம்பி?"

நீ போனதிலிருந்து அம்மா சபை வாசலில் யாரிடமும் பேசியதில்லை. அன்றைக்கு அந்த ஒரு பேச்சு. சித்தப்பா செருப்பைத் தேடுகிற மாதிரி கீழே பார்த்துக்கொண்டே நின்றார். செருப்பு காலிலேயே இருந்தது.

பாஸ்டர் ஐயா என்னை வேப்பமரத்தடிக்குக் கூப்பிட்டார். "பாப்பா, ஸ்கேனுக்குப் போவாதேன்னு நான் உங்க நைனா கிட்ட எப்பவும் சொன்னதில்லம்மா." அவர் குரலில் கோபம் இல்லை. கெஞ்சுகிற மாதிரி இருந்தது. எனக்கும் அழுகை வந்தது. "தெரியும் ஐயா" என்று மட்டும் சொன்னேன்.

செவ்வாய்க்கிழமை காலையில் சித்தி பையைக் கட்டி வாசலில் வைத்தாள். சித்தப்பா பையை உதைக்கப் போனவர், நின்று, எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். "இவ வாய மூடறதுக்காவது போய் வரேன். சுத்தம்னு வரட்டும், அப்புறம் இருக்குது இவளுக்கு" என்று தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி சொல்லிவிட்டுப் போனார். ஸ்கேன் எடுத்துவிட்டார்கள். டாக்டர் வெள்ளிக்கிழமைதான் பார்ப்பார் என்று அனுப்பிவிட்டார்கள்.

நாளைக்கு வெள்ளிக்கிழமை.

தெருக்குழாயில் நாலு நாளாக என்னைப் பார்த்தால் பேச்சு நின்றுவிடுகிறது. ஞானமுத்து தாத்தா வீட்டு அம்மா என் குடத்தை நகர்த்திவிட்டு, "சின்னப் பொண்ணு, சபையில நின்னு இப்படியா பேசுவா? வாயில வந்தது பலிச்சுட்டா?" என்று பக்கத்தில் இருந்தவளிடம் கேட்டாள். அதுதான் நைனா என் பயம். சுத்தம் என்று வந்தால் நான் நம்பிக்கை இல்லாதவள். அதைத் தாங்கிக்கொள்வேன். சிரித்துக்கொண்டே தாங்கிக்கொள்வேன். சுத்தம் இல்லை என்று வந்தால், வியாதியை நான்தான் கூப்பிட்டேன் என்பார்கள். சித்தியும் அப்படி நினைத்துவிட்டால்? சித்தப்பாவே நினைத்துவிட்டால்? இந்தச் சுவருக்கு இந்தப் பக்கம் நான் எப்படி இருப்பேன்?

இன்னும் ஒரு பயம் இருக்கிறது. அதை எழுதக் கை வரவில்லை. அவருக்கும் உன் மாதிரியே ஆகிவிடுமோ என்பதுதான் அது. ஆஸ்பத்திரிக்குப் போயும், சொன்ன தேதிக்கே போயும் அப்படி ஆகலாம். டாக்டர் தெரியாது என்றுதானே சொன்னார். வெட்டி எடுத்தவர்களில் சில பேர் பிழைத்துக் கிழவர்களாகிறார்கள். சில பேர் ஆவதில்லை. யார் எந்தப் பக்கம் என்று தழும்பைப் பார்த்தால் தெரியாது.

இன்றைக்குச் சாயந்திரம் நான் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தபோது சித்தப்பா வந்து நின்றார். ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு முதல் முறை.

"நாளைக்கு ஸ்கூலுக்கு லீவு போடு."

"எதுக்கு சித்தப்பா?"

"நீதானே வாயத் தொறந்த? நீ இல்லாம அந்த டாக்டர் ரூமுக்குள்ள நான் எப்படிப் போறது?" என்றார். கொஞ்சம் நின்று, "அங்க எல்லாம் தெலுங்குல பேசிக்கினே இருக்கானுங்க, உனக்குத்தான் புரியும்" என்று சேர்த்துக்கொண்டார். டாக்டர் தமிழ்தான் பேசுவார் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

இப்போது சத்தம் நின்றுவிட்டது. கேட்டுக்கொண்டே இருக்கிறேன். மறுபடியும் டக். டக். மூன்றாவது வரவில்லை. அது எழுந்துவிட்டால் நாளைக்கு எல்லாம் நல்லதாக இருக்கும் என்று அவர் தனக்குள்ளே ஏதோ கணக்குப் போட்டு வைத்திருக்கிறார் போல.

நான் உன் டப்பாவை எடுத்தேன். நீ கடித்த இடத்தில் வாயை வைத்தேன். மெதுவாக, அவருக்குக் கேட்கிற மாதிரி இழுத்தேன். மூன்றும் எழுந்தன. மூச்சு முட்டுகிற வரைக்கும் கீழே விடவில்லை.

சுவருக்கு அந்தப் பக்கம் அவர் டப்பாவைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது. பிறகு சித்தப்பாவின் குரல், தணிந்து, இடைவெளி வழியாக வந்தது.

"போதும் பாப்பா. படு. விடியற வண்டிக்குப் போவணும்."

டார்ச்சை அணைக்கப் போகிறேன் நைனா. டப்பாவைப் பையிலேயே எடுத்துக்கொண்டு வருகிறேன். பாகாலாவில் வண்டி நின்றால் இந்த முறை நான் இறங்கி அவருக்கு வடை வாங்கித் தருவேன், மெதுவாக நடந்து. அதற்கப்புறம் அந்த அறை. படத்தை டாக்டர் வெளிச்சத்தில் பிடிப்பாரா, கவிழ்த்து வைப்பாரா, தெரியாது. உன் படத்தைச் சொன்ன தேதியில் நாங்கள் போய்ப் பார்க்கவில்லை. நாளைக்குப் பார்க்கப் போகிறோம்.